காவல் தலைவர்கள் மாநாட்டுக்கு உபயம் யார்?



நமது தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா நெருங்கினால் முதலில் எழும் பேச்சு என்ன? எந்த நாள் யாருடைய உபயம் என்பதுதான். ஒரு நாள் பால்மரத் தொழிலாளர் உபயம். ஒரு நாள் தொழிற்சாலையில் வேலை செய்வோர் உபயம். ஒரு நாள் கடைக்காரர் உபயம். உபயம் ஏற்றவருக்குப் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, முதல் பிரசாதம் கொடுக்கிறோம். செலவு செய்தவருக்குச் செய்கிற மரியாதை அது. ஆனால் உபயகாரர், "செலவு என்னுடையது, ஆகவே சாமி என் வாசலில் மட்டும் நிற்கட்டும், மற்ற லயங்களுக்குப் போக வேண்டாம்" என்று சொன்னால் ஏற்போமா? ஏற்க மாட்டோம். சாமி எல்லாருக்கும் பொது.

காவல்துறையும் அப்படித்தான் பொதுவானது. காவல்துறைத் தலைவர்கள் ஓரிடத்தில் கூடிப் பாடம் கற்கிற மாநாடுகள் உலகில் 110 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றன. அந்த மாநாடுகளுக்கு மண்டபம் வேண்டும், சாப்பாடு வேண்டும், பயணச் செலவு வேண்டும், பாடம் சொல்ல ஆசிரியர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் உபயம் ஏற்றவர்கள் யார்? அதனால் நன்மை விளைந்ததா, தீமை விளைந்ததா? இதைத்தான் இன்று நாம் வரலாற்றிலிருந்து காணப் போகிறோம்.

முதலில், காவல்துறைத் தலைவர்கள் ஏன் கூட வேண்டும் என்று கேட்கலாம். திருடனுக்கு எல்லை கிடையாது, காவலருக்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தபின், ஓர் ஊரில் கொள்ளையடித்தவன் மறுநாளே வேறு நாட்டில் நல்லவன்போல் உலவத் தொடங்கினான். அவனைப் பிடிக்க நினைக்கும் காவல் அதிகாரி தன் அரசுக்கு எழுத வேண்டும்; அந்த அரசு மற்ற நாட்டு அரசுக்கு எழுத வேண்டும்; அங்கிருந்து காகிதம் கீழே இறங்கி ஓர் ஊர்க் காவல் நிலையத்தை அடைய வேண்டும். அதற்குள் திருடன் அடுத்த கப்பலில் ஏறியிருப்பான். கைரேகை பார்க்கும் கலை ஒரு நாட்டில் வளர்ந்திருக்கும். பக்கத்து நாட்டில் அதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். ஆகவே ஒருவரை ஒருவர் நேரில் அறிந்து, ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சொல்லித்தர ஒரு கூட்டம் தேவைப்பட்டது.

அப்படிப்பட்ட கூட்டத்துக்கு முதலில் உபயம் ஏற்றவர் ஒரு சிற்றரசர். பிரான்சு நாட்டின் தென்கரையில் மொனாக்கோ என்றொரு சின்னஞ்சிறு நாடு இருக்கிறது. பெரிய தோட்டம் ஒன்றின் சில கட்டைகளில் அந்த நாட்டையே அடக்கிவிடலாம். அதன் அரசர் முதலாம் ஆல்பர்ட், கடலை ஆராய்ந்த அறிஞர். மொனாக்கோவின் சூதாட்ட விடுதிகளுக்குப் பல நாட்டுச் செல்வர்கள் வந்து குவிந்தார்கள். செல்வர் கூடும் இடத்துக்கு ஏமாற்றுக்காரரும் வருவது இயல்புதானே. 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவருடைய அழைப்பின் பேரில் 24 நாடுகளிலிருந்து காவல் அதிகாரிகளும் சட்ட அறிஞர்களும் அங்கே கூடினார்கள். அனைத்துலகக் குற்றவியல் காவல் மாநாடுகளில் இதுவே முதலாவது.

அந்த மாநாடு 12 விருப்பங்களை எழுதி வைத்தது. நாடுகளின் காவல்துறைகள் அரசு அலுவலகங்களைச் சுற்றாமல் நேரடியாகத் தொடர்பு கொள்ள வேண்டும்; குற்றவாளிகளை அடையாளம் காணும் முறை எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; குற்றத்தைத் துப்புத் துலக்கும் அறிவியலைச் சட்டம் படிக்கும் மாணவருக்கும் காவலருக்கும் கற்பிக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. பயிற்சி என்பது முதல் மாநாட்டிலேயே கேட்கப்பட்டுவிட்டது என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அடுத்த மாநாட்டை 1916-இல் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் நடத்தலாம் என்று எண்ணினார்கள். ஆனால் 1914-ஆம் ஆண்டின் நடுவிலேயே முதல் உலகப் போர் மூண்டது. கூடிப் பேசியவர்களின் நாடுகள் ஒன்றை ஒன்று சுடத் தொடங்கின. விருப்பங்கள் காகிதத்திலேயே நின்றுவிட்டன.

போர் முடிந்ததும் ஐரோப்பா ஓட்டாண்டியாகிக் கிடந்தது. கள்ள நோட்டு பெருகியது. கள்ளக் கடவுச்சீட்டு பெருகியது. இந்த நேரத்தில் இரண்டாவது உபயகாரர் வந்தார். அவர் ஜொஹான் ஷோபர். ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவின் காவல் தலைவர். அந்நாட்டின் ஆட்சித் தலைவராகவும் இருந்தவர். 1923-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் வியன்னாவில் மாநாட்டைக் கூட்டினார். அனைத்துலகக் குற்றவியல் காவல் ஆணையம் என்னும் நிலையான அமைப்பு அங்கே பிறந்தது. பின்னாளில் இண்டர்போல் என்று உலகம் அறிந்த அமைப்பு இதுதான்.

தலைமை அலுவலகம் வியன்னாவில் அமைந்தது. தேடப்படுவோரின் விவரம் அச்சிட்டு நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. கள்ள நோட்டு பற்றிய தகவல் ஓரிடத்தில் திரட்டப்பட்டது. அவ்வப்போது அதிகாரிகள் கூடினார்கள், கற்றார்கள், கலைந்தார்கள். நல்ல பணிதான். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அமைப்பு பல நாடுகளுக்குப் பொது. வீடோ ஒரு நாட்டினுடையது. வியன்னாக் காவல்துறையின் தலைவர் யாரோ, அவரே ஆணையத்தின் தலைவராகவும் இருந்து வந்தார்.

நமது லயங்களில் சீட்டுப் பிடிக்கிறோம். இருபது பேர் பணத்தை ஒருவர் கையில் கொடுக்கிறோம். அவர் நல்லவர், நாணயமானவர், சந்தேகமே இல்லை. ஆனால் நாளை அந்த வீட்டுக்கு வேறு ஆள் குடி வந்து, பெட்டிச் சாவியும் அவன் கைக்குப் போய்விட்டால் என்ன செய்வோம்? வியன்னாவில் நடந்தது அதுதான்.

1938-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹிட்லரின் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. அந்நாடு ஜெர்மனியோடு சேர்த்துக்கொள்ளப்பட்டது. அப்போது வியன்னாக் காவல் தலைவராகவும் ஆணையத் தலைவராகவும் இருந்தவர் மைக்கேல் ஸ்கூபல். நாஜிகள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். வியன்னாக் காவல்துறையில் தாங்கள் அமர்த்திய ஓட்டோ ஸ்டைன்ஹோய்ஸல் என்பவரையே ஆணையத்துக்கும் தலைவராக்கினார்கள். வீடு கைமாறியதும் உள்ளிருந்த பெட்டியும் கைமாறிவிட்டது. பெரும்பாலான நாடுகள் ஆணையத்தின் வேலைகளில் கலந்துகொள்வதை நிறுத்திக்கொண்டன.

1940-இல் ஸ்டைன்ஹோய்ஸல் இறந்தார். அவருக்குப்பின் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? ரைன்ஹார்ட் ஹைட்ரிச். யூத மக்களைக் கூண்டோடு அழிக்கத் திட்டம் வகுத்தவர்களில் முதன்மையானவர். குற்றவாளிகளைப் பிடிப்பதற்கென்று பல நாட்டுக் காவலர்கள் கட்டிய சங்கத்தின் நாற்காலியில், உலகம் கண்ட பெரும் குற்றவாளிகளுள் ஒருவர் வந்து அமர்ந்தார். 1942-இல் அலுவலகம் பெர்லினுக்கே கொண்டுபோகப்பட்டது. அதே ஆண்டு பிராக் நகரில் ஹைட்ரிச் தாக்கப்பட்டு மாண்டார். பின்னர்த் தலைவரான எர்ன்ஸ்ட் கால்டன்புருன்னர், போருக்குப்பின் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு 1946-இல் தூக்கிலிடப்பட்டார்.

நேயர்களே, மாநாட்டைக் கூட்டிய ஷோபர் கெட்ட எண்ணத்தோடு கூட்டவில்லை. வந்து கலந்துகொண்டவர்களும் கெட்டவர்கள் அல்லர். பொது அமைப்பு ஒன்று ஒரே ஓர் உபயகாரரின் வீட்டைச் சார்ந்து நின்றது. அந்த வீட்டுக்கு ஆபத்து வந்தபோது அமைப்பும் கவிழ்ந்தது. வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதல் பாடம் இது.

போர் ஓய்ந்தபின் 1946-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் பிரசல்ஸ் நகரில் மீண்டும் கூடினார்கள். பெல்ஜியக் காவல்துறையின் உயர் அதிகாரி ஃப்ளோரன் லூவாஜ் தலைவரானார். அலுவலகம் பாரிசுக்கு மாறியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1956-இல், அதே வியன்னாவில் பேரவை கூடிப் புதிய அமைப்புச் சட்டத்தை ஏற்றது. இண்டர்போல் என்ற பெயரும் அப்போதுதான் முறைப்படி சேர்ந்தது.

அந்தச் சட்டத்தில் இரண்டு செய்திகளை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, அதன் 3-ஆம் விதி. அரசியல், இராணுவம், சமயம், இனம் ஆகியவை சார்ந்த எந்தக் காரியத்திலும் இந்த அமைப்பு தலையிடவே கூடாது என்று அது தடை விதிக்கிறது. நாஜிகளின் காலத்தில் பட்ட சூடு பலர் நினைவில் இருந்த காலம் அது. இரண்டாவது, பணம். உறுப்பு நாடுகள் எல்லாம் சந்தா கட்ட வேண்டும். அந்தச் சந்தாவைக் கொண்டே அமைப்பு தன் காலில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஒருவர் உபயத்தில் நடந்த திருவிழா, ஊர் வரியில் நடக்கும் திருவிழாவாக மாறியது எனலாம். நமது கோயில்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, கணக்கை எல்லார் முன்னிலையிலும் படிக்கிறோமே, அதே முறைதான். 1989-இல் தலைமையகம் பிரான்சின் லியோன் நகருக்குப் போனது. இன்று 196 நாடுகள் உறுப்பியம் பெற்றிருக்கின்றன.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1981-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் ஆசியான் காவல் தலைவர்களின் முதல் மாநாடு நடந்தது. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளின் காவல் தலைவர்கள் அதில் கூடினார்கள். ஆசியானபோல் என்று அதனை அழைக்கிறார்கள். பின்னர் புருணை, வியட்நாம், லாவோஸ், மியன்மார், கம்போடியா ஆகியவையும் சேர்ந்தன. 2010-ஆம் ஆண்டிலிருந்து அதன் நிலையான செயலகம் கோலாலம்பூரில் இருந்து வருகிறது. மாநாட்டை நாடுகள் மாறி மாறி ஏற்று நடத்துகின்றன. ஓராண்டு ஒருவர் வீட்டில் விருந்து என்றால், மறு ஆண்டு அடுத்தவர் வீட்டில். வியன்னாவைப்போல் ஒரே வீட்டில் எல்லாம் தங்கிவிடுவதில்லை. மாறி வரும் உபயத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு.

ஆனால் காலம் மாற மாற உபயகாரர்களும் மாறினார்கள். அரசுகள் மட்டுமே செலவு செய்துவந்த இடத்தில் தனியார் பணமும் நுழைந்தது. இதற்கு நம் கண்முன்னே நடந்த எடுத்துக்காட்டு சிங்கப்பூரில் உண்டு.

இண்டர்போல் தனது இரண்டாவது பெரிய மையத்தைச் சிங்கப்பூரில் கட்ட முடிவு செய்தது. சிங்கப்பூர்க் காவல் தலைவராக இருந்த கூ பூன் ஹுயி 2008 முதல் 2012 வரை இண்டர்போலின் தலைவராகப் பணியாற்றினார். மையம் 2015-இல் முறைப்படித் திறக்கப்பட்டது. கணினி வழிக் குற்றங்களை ஆராய்வதும், பல நாட்டுக் காவல் அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதும் அதன் வேலைகளில் முக்கியமானவை.

இதற்கிடையே, 2011-ஆம் ஆண்டு மே மாதம், உலகக் காற்பந்துச் சங்கமான ஃபிஃபா ஓர் அறிவிப்புச் செய்தது. கையூட்டு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் மோசடியைத் தடுப்பதற்கான பயிற்சிக்காக இண்டர்போலுக்கு 20 மில்லியன் யூரோ தரப்போவதாகச் சொன்னது. பத்து ஆண்டுத் திட்டம். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 4 மில்லியன். அதன்பின் எட்டு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒன்றரை மில்லியன். பயிற்சிப் பிரிவு சிங்கப்பூர் மையத்தில் அமையும் என்று கூறினார்கள். அதுவரை இண்டர்போலுக்குத் தனி அமைப்பு எதுவும் இவ்வளவு பெரிய தொகையைக் கொடுத்ததில்லை என்று அப்போது பேசப்பட்டது.

நோக்கத்தைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. காற்பந்து மோசடியின் கசப்பு நமக்குத் தெரியாததல்ல. 1990-களின் நடுவில் மலேசியக் காற்பந்தில் அது வெளிப்பட்டபோது, எத்தனை ஆட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டார்கள்! சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பேருந்து ஏறி ஆட்டம் பார்க்கப் போன தோட்டத்து இளைஞர்கள் எவ்வளவு மனம் நொந்தார்கள்! ஆகவே அந்தப் பயிற்சி வேண்டியதுதான். காவலர், நடுவர், ஆட்டக்காரர் ஆகியோருக்காகப் பல நாடுகளில் பயிலரங்குகளும் நடந்தன.

ஆனால் 2015-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் விடியற்காலையில் சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகரிலுள்ள தங்குவிடுதி ஒன்றுக்குள் காவலர்கள் நுழைந்தார்கள். அமெரிக்க அரசின் வேண்டுகோளின்படி ஃபிஃபாவின் உயர் பொறுப்பாளர்கள் சிலரைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு என்ன? கையூட்டு! கையூட்டை ஒழிக்கும் பயிற்சிக்குப் பணம் கொடுத்த சங்கத்தின் பொறுப்பாளர்களே கையூட்டு வழக்கில் சிக்கினார்கள். தேடப்படுவோர் சிலருக்காக இண்டர்போலே சிவப்பு அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ஜூன் 12-ஆம் நாள், ஃபிஃபாவுடன் செய்த ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக இண்டர்போல் அறிவித்தது. தன்னோடு சேர்ந்து செயல்படும் வெளியார் தன்னுடைய அடிப்படைக் கொள்கைகளுக்கு உடன்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று அதன் தலைமைச் செயலாளர் யூர்கன் ஸ்டாக் விளக்கினார்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2012-இல் ஃபிலிப் மோரிஸ் என்னும் சிகரெட் நிறுவனம், கள்ளச் சரக்கைத் தடுக்கும் பணிக்காக இண்டர்போலுக்கு 15 மில்லியன் யூரோ தர முன்வந்தது. கள்ளச் சிகரெட்டை ஒழிப்பது காவலர் வேலைதான். ஆனால் அதனால் இலாபம் அடைவது யார் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. அதே ஆண்டு சோல் நகரில் கூடிய உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு மாநாட்டில் பார்வையாளராக இடம் கேட்டது இண்டர்போல். இடம் கிடைக்கவில்லை. சிகரெட் நிறுவனத்தின் பணத்தைப் பெற்றதே அதற்குத் தடையாக வந்தது.

இதையெல்லாம் தோட்டத்தில் வாழும் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? காரணம் இருக்கிறது. காவலர் யாருடைய ஆள் என்ற கேள்வி நமக்கு மிகப் பழையது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு ஈடான சம்பளம் கேட்டார்கள். துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். மே மாதம் துப்பாக்கிச் சூடு நடந்து, தொழிலாளர் குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். அன்று காவலும் படையும் எந்தப் பக்கம் நின்றன என்பதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை.

தோட்டத்தில் ஜாகா இருக்கிறார். அவருக்குச் சம்பளம் நிறுவனம் கொடுக்கிறது. ஆகவே நிறுவனத்தின் கிடங்கை அவர் காக்கிறார். அது அவர் கடமை. காவலர் அப்படி அல்லர். அவருடைய சம்பளம் பொதுப் பணம். கடையில் நாம் வாங்கும் பொருளில் கலந்திருக்கும் வரியும் அந்தப் பணத்தில் ஒரு துளி. ஆகவே அவர் துரைக்கும் காவல், தொழிலாளிக்கும் காவல். அவர் கற்கும் பாடமும் இருவருக்கும் பொதுவான பாடமாக இருக்க வேண்டும். பாடத்துக்குப் பணம் கொடுப்பவர் பாடத்தை வளைத்தால், பிற்பாடு சட்டமும் வளைந்துவிடும்.

அப்படியானால் உபயமே கூடாதா? அப்படிச் சொல்வதும் சரியாகாது. பயிற்சி இல்லாத காவலர் அப்பாவியைப் பிடிப்பார், குற்றவாளியை விடுவார். நன்கு பயின்ற அதிகாரி அடிக்காமலே உண்மையை வெளிக்கொணர்வார். ஏழை நாடுகளின் அதிகாரிகள் கடல் கடந்து மாநாட்டுக்கு வரப் பிறர் உதவி வேண்டியிருக்கிறது. மொனாக்கோ அரசர் அழைக்காவிட்டால் அந்த முதல் கூட்டமே கூடியிருக்காது. ஆகவே உபயம் வேண்டாம் என்பதல்ல; உபயத்துக்கு வரம்பு வேண்டும் என்பதே நாம் கண்ட முடிவு.

அந்த வரம்புகள் எவை? பணம் கொடுப்பவர் இன்ன பாடம் நடத்துங்கள், இன்னாரை அழையுங்கள் என்று கட்டளையிடக் கூடாது. காவலரின் விசாரணைக்கு உள்ளாகக் கூடியவரிடம் காவலர் பயிற்சிக்குப் பணம் வாங்கக் கூடாது. ஒரே ஒருவரை நம்பி முழுப் பணியும் நிற்கக் கூடாது. யார் எவ்வளவு கொடுத்தார், அது எப்படிச் செலவாயிற்று என்ற கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். வியன்னாவும் ஸூரிக்கும் கற்றுத்தந்தவை இவைதாம்.

பெற்றோர்களே, பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை விளங்க வைப்பது எளிது. விளையாட்டுப் போட்டிக்கு ஒருவர் வெற்றிக் கிண்ணம் வழங்குகிறார். அவர் பெயரைக் கிண்ணத்தில் பொறிக்கலாம், மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம், மாலையும் போடலாம். ஆனால் திடலில் இறங்கி ஊதல் ஊதும் வேலையை அவரிடம் கொடுக்கலாமா? கொடுத்தால், அவருடைய பிள்ளை ஆடும் குழு தோற்கவே தோற்காது. கிண்ணம் கொடுப்பவர் வேறு, ஊதல் ஊதுபவர் வேறு. இந்தச் சிறு நியாயத்தைப் பிள்ளைகள் இப்போதே கற்றுக்கொண்டால், நாளை அவர்களில் ஒருவர் காவல்துறைச் சீருடை அணிந்து இப்படிப்பட்ட மாநாட்டில் அமரும்போது, "இந்த விருந்துக்குச் செலவு செய்தவர் யார்?" என்று கேட்கத் தயங்க மாட்டார்.